பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா? திருப்பூர் டெய்லர் முதல் பல்லடம் கோழிப்பண்ணை வரை... உழைப்பை வாங்க முதலாளிகள் போடும் கணக்கு என்ன?

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூர் கடைவீதிகளில் கூட்டம் அலைமோதும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வாரச் சம்பளம்தான்.

ஆனால் அந்தச் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்டால் ஒரே பதில் வராது. ஒரே கம்பெனிக்குள் தையல் மெஷினில் உட்காருபவருக்கு ஒரு கணக்கு, பக்கத்து மேசையில் துணியைப் பார்த்து ஒதுக்குபவருக்கு வேறு கணக்கு. பக்கத்து ஊரான பல்லடத்தில் தறி ஓட்டுபவருக்கு மீட்டர் கணக்கு, கோழி வளர்ப்பவருக்கு கிலோ கணக்கு, பொள்ளாச்சியில் தேங்காய் பறிப்பவருக்கு மரக் கணக்கு.

ஏன் இத்தனை விதம்? எந்தக் கணக்கில் தொழிலாளிக்கு லாபம், எதில் நஷ்டம்? சட்டம் என்ன சொல்கிறது?

ஷிப்ட் சம்பளம், பீஸ் ரேட்: என்ன வித்தியாசம்?

ஷிப்ட் சம்பளம் என்பது நேரத்துக்கான கூலி. 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். 300 பீஸ் தைத்தாலும் 400 பீஸ் தைத்தாலும் ஷிப்டுக்குப் பேசிய தொகை மாறாது.

பீஸ் ரேட் என்பது எண்ணிக்கைக்கான கூலி. கழுத்துப் பட்டி வைப்பதற்கு இவ்வளவு, கை ஏற்றுவதற்கு இவ்வளவு, கீழ் மடிப்புக்கு இவ்வளவு என ஒவ்வொரு வேலைக்கும் பைசாக் கணக்கில் ரேட் உண்டு. எத்தனை பீஸ் முடித்தாரோ அத்தனைக்குக் காசு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். (தொகைகள் புரிவதற்காக மட்டும்.) ஷிப்டுக்கு 500 ரூபாய் வாங்கும் டெய்லர் ஒருவர் நாளுக்கு 300 பீஸ் முடிக்கிறார். அப்படியானால் முதலாளிக்கு ஒரு பீஸுக்கு ஆகும் கூலி சுமார் 1 ரூபாய் 67 பைசா. அதே டெய்லருக்கு பீஸுக்கு 1 ரூபாய் 50 பைசா என்று ரேட் பேசினால், அவர் வேகத்தைக் கூட்டி 400 பீஸ் முடிக்கிறார். டெய்லருக்கு 600 ரூபாய் கிடைக்கிறது, முன்பைவிட 100 ரூபாய் அதிகம். முதலாளிக்கோ பீஸுக்கு 17 பைசா மிச்சம். கட்டட வாடகை, மெஷின் தவணை எல்லாம் 300-க்குப் பதிலாக 400 பீஸில் பங்காவது தனி லாபம்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் கார் கண்ணாடி மாட்டித் தரும் சேஃப்லைட் என்ற நிறுவனம் 1990-களின் நடுவில் மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியது. பொருளாதார அறிஞர் எட்வர்ட் லசியர் அதை ஆராய்ந்ததில், ஒரு தொழிலாளி முடிக்கும் வேலை 44 சதவீதம் கூடியிருந்தது. அதில் பாதி, இருந்தவர்களே வேகமாக வேலை செய்ததால் வந்தது. மீதிக்கு முக்கியக் காரணம், வேகமானவர்கள் தேடி வந்து சேர்ந்தது. தொழிலாளர்களின் சம்பளம் கூடியதோ சுமார் 10 சதவீதம்தான். 44-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கவனியுங்கள். பீஸ் ரேட் பற்றிய எல்லாத் தகராறும் அதற்குள்தான் நடக்கிறது.

அப்போ எல்லோருக்கும் பீஸ் ரேட்டே கொடுத்துவிட வேண்டியதுதானே?

முடியாது. இதற்குப் பதில் செக்கிங் மேசையில் இருக்கிறது.

தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்டது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் செக்கிங் வேலை. இவர்களுக்கு எண்ணிக்கைக்குக் காசு என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? எல்லா பீஸும் ‘ஓகே’ ஆகிவிடும். வெளிநாட்டு பையர் கண்டெய்னரையே திருப்பி அனுப்பும்போதுதான் தெரியும். அதனால்தான் செக்கிங் வேலைக்குப் பெரும்பாலும் ஷிப்ட் சம்பளம். எண்ண முடிவதற்கு மட்டும் காசு கொடுத்தால், எண்ண முடியாததை யாரும் கவனிக்க மாட்டார்கள். 2016-ல் பொருளாதார நோபல் பெற்ற பெங்ட் ஹோம்ஸ்ட்ராம் கோட்பாடாக எழுதியதில் இதுவும் ஒன்று. திருப்பூர் மேஸ்திரிகளுக்கு இது படிக்காமலே தெரியும்.

டெய்லர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. வேகத்தில் தையல் கோணினால் பீஸ் திரும்பி வரும். அதைப் பிரித்து மறுபடி தைக்கும் நேரத்துக்குப் பீஸ் ரேட்டில் காசு கிடையாது. தப்பு துணியில் இருந்ததா, கட்டிங்கில் இருந்ததா, தையலில் இருந்ததா என்ற வாக்குவாதம் தினமும் நடக்கும்.

சில கம்பெனிகளில் முதலாளி டெய்லரிடம் நேராகப் பேசுவதே இல்லை. காண்ட்ராக்டர் ஒருவர் முழு உருப்படிக்கும் சேர்த்து ஒரு ரேட் பேசி, தன் ஆட்களுக்குள் பிரித்துக் கொடுப்பார். மேற்பார்வைச் சுமையும் சில சமயம் பி.எஃப், இ.எஸ்.ஐ பொறுப்பும் இப்படித்தான் கைமாறுகிறது. சட்டப்படி பார்த்தால் காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் பி.எஃப், இ.எஸ்.ஐ-க்குப் பொறுப்பு முதன்மை முதலாளிக்கே திரும்பி வரும்.

வேகமாகத் தைத்தால் ரேட் குறையுமா?

குறையும் என்ற பயம்தான் பீஸ் ரேட்டின் பெரிய ஓட்டை. மேலே பார்த்த டெய்லர் 400 பீஸ் முடிப்பதைப் பார்த்த கம்பெனி, அடுத்த ஸ்டைல் வரும்போது ரேட்டை 1 ரூபாய் 25 பைசாவாக்கினால்? 400 பீஸுக்கு 500 ரூபாய். பழைய சம்பளத்துக்கே வந்தாயிற்று, ஆனால் வேலை 100 பீஸ் அதிகம்.

இதைத் தெரிந்தவர்கள் முழு வேகத்தைக் காட்ட மாட்டார்கள். புது ஸ்டைலுக்கு ஸ்டாப் வாட்ச் வைத்து நேரம் எடுக்க ஆள் வரும்போது மெஷின் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். 1930-களின் தொடக்கத்தில் சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்த ஆய்விலும் இதையே பார்த்தார்கள். ஊக்கத்தொகை இருந்தும் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகவில்லை. மீறி வேகமாகச் செய்தவரை மற்றவர்கள் கிண்டலடித்தே அடக்கினார்கள். இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டால் தவறு. நாளைய ரேட்டைக் காப்பாற்றும் வழி அது.

திருப்பூரில் சங்கங்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் இடையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுச் சம்பள ஒப்பந்தம் போடப்படுவதற்கு இதுவும் காரணம். கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங் ஒருபுறம், செக்கிங், லேபிள், கைமடி, டேமேஜ், அடுக்கிக் கட்டுதல் இன்னொருபுறம் என்று வகை பிரித்துத் தொகை எழுதுகிறார்கள். இந்த இரண்டாவது வரிசை வேலைகளில் பெண்களே அதிகம், சம்பளமும் அங்கேதான் குறைவு. இந்த ஒப்பந்தங்கள் சும்மா வந்ததில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது.

ஒன்றரை ஷிப்ட்: சட்டக் கணக்கு வேறு

திருப்பூரில் ‘எத்தனை ஷிப்ட் பார்த்தீங்க?’ என்ற கேள்விக்கு ‘ஒன்றரை’ என்பது சாதாரண பதில். காலை 8.30-க்கு உள்ளே போய் இரவில் வெளியே வருவது. கூடுதல் 4 மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் சம்பளம் சேரும்.

ஆனால் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம் அல்லது வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும் என்றது. வாரம் 6 நாளும் 8 மணி நேரம் வேலை செய்தாலே 48 முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் உள்ள 4 மணி நேரம் சட்டப்படி 8 மணி நேரத்துக்குச் சமம். அதாவது ஒன்றரை ஷிப்டுக்கு இரண்டு ஷிப்ட் சம்பளம் வர வேண்டும்.

‘நான் பீஸ் ரேட், எனக்கு ஏது ஓவர்டைம்?’ என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தச் சட்டத்தின் 59-வது பிரிவு அவர்களையும் சேர்த்தே பேசியது. முந்தைய மாதத்தில் அதே வேலையில் முழுநேரம் சம்பாதித்ததன் தினசரி சராசரியை எடுத்து, அதைச் சாதாரணச் சம்பளமாக வைத்துக் கணக்கிட வேண்டும்.

சனிக்கிழமைச் சம்பளம் வேலையைக் கூட்டுமா?

மைசூருவில் டேட்டா என்ட்ரி நிறுவனம் ஒன்றில் சுப்ரீத் கவுர், மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் ஆகியோர் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. அங்கும் பீஸ் ரேட், வாரச் சம்பளம். சம்பள நாள் நெருங்க நெருங்க வேலை கூடியது. சம்பள வாரத்தின் தொடக்கத்தைவிட சம்பள நாளில் சுமார் 8 சதவீதம் அதிகம்.

அதைவிட விசித்திரமான விஷயம் ஒன்றும் கிடைத்தது. இலக்கைத் தொடாவிட்டால் பாதி ரேட்தான், தொட்டால் வழக்கமான ரேட் மட்டுமே என்று ஒரு திட்டம் வைத்தார்கள். அதில் கூடுதலாக ஒரு பைசா லாபம் இல்லை, நஷ்டம் மட்டுமே சாத்தியம். இருந்தும் வாய்ப்பு கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அந்தத் திட்டத்தையே தேர்ந்தெடுத்தார்கள். தன்னைத் தானே விரட்டிக்கொள்ள ஒரு கட்டாயம் தேவை என்று தொழிலாளிகளே நினைத்ததாக ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

ஒடிசாவில் நடந்த இன்னொரு ஆய்வு சம்பள வித்தியாசத்தைப் பற்றியது. ஒரே வேலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம் என்று தெரிந்ததும் குறைவாக வாங்கியவர்களின் உற்பத்தி குறைந்தது, வேலைக்கு வருவதும் குறைந்தது. ஆனால் ‘அவர் என்னைவிட அதிகம் முடிக்கிறார்’ என்று கண்ணால் பார்க்க முடிந்த இடத்தில் இந்தப் பாதிப்பு இல்லை. பல ஊர்க்காரர்கள் கலந்து வேலை செய்யும் கொங்கு மண்டல ஆலைகளுக்கு இது வெளியூர்ச் செய்தி இல்லை.

விசைத்தறி: முதலாளியே கூலிக்காரர்

சோமனூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்தில் பெரும்பாலான விசைத்தறி உரிமையாளர்கள் சொந்தமாக நூல் வாங்கித் துணி விற்பவர்கள் அல்ல. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூல் தருவார், இவர்கள் நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். சொந்தத் தறி, சொந்த ஷெட், கரண்ட் பில் இவர்கள் தலையில். ஆனால் வருமானம் பீஸ் ரேட். இவர்களிடம் தறி ஓட்டுபவருக்கும் பெரும்பாலும் உற்பத்திக் கணக்கில்தான் கூலி. கரண்ட் போனால் இருவருக்கும் வருமானம் இல்லை, நூல் கொடுத்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

கரண்ட் கட்டணமும் உதிரிபாக விலையும் ஏறும்போது கூலி தானாக ஏறாது. பேச்சுவார்த்தை நடக்க வேண்டும், நடந்தாலும் ஒப்பந்தக் கூலி கைக்கு வர வேண்டும். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 தொடக்கத்தில் தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் மறுபடி வேலைநிறுத்தம், ஒரு மாதத்துக்கு மேல். சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்றவற்றுக்கு 10 சதவீதம் என்று ஏப்ரலில் முடிவானது. அந்தப் போராட்டத்தின் முக்கியக் கோரிக்கை வெறும் உயர்வு இல்லை, சட்டப் பாதுகாப்போடு கூடிய உயர்வு.

முன்பணம்: வேகத்துக்கு அல்ல, ஆளைப் பிடித்து வைக்க

நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறித் தொழிலாளிக்கு வேலையில் சேரும்போதே பெரிய தொகை முன்பணம் கொடுக்கும் பழக்கம் உண்டு. ‘பாக்கி’ என்பார்கள். மானுடவியலாளர் கீர்ட் டி நெவ் 1990-களில் குமாரபாளையத்தில் தங்கி இதை ஆராய்ந்தார்.

முதலாளிக்கு இது ஆளைத் தக்கவைக்கும் கயிறு. பாக்கியை அடைக்காமல் வேறு தறிக்குப் போக முடியாது. ஆனால் ஆள் பற்றாக்குறை இருந்த காலத்தில் தொழிலாளிகளும் பாக்கியைக் கேட்டு வாங்கினார்கள், அடுத்த முதலாளியிடம் அதிகம் வாங்கிப் பழைய பாக்கியை அடைத்தார்கள், சிலர் கொடுக்காமலே ஊரை விட்டுப் போனார்கள். கயிறு இரண்டு பக்கமும் இழுபட்டது. இருந்தாலும் கடனுக்காக ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.

முன்பணத்துக்கு நேர் எதிர், சம்பளத்தைப் பின்னால் தள்ளுவது. நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’, ‘திருமாங்கல்யத் திட்டம்’ என்ற பெயர்களில் நடந்தது அதுதான். தென் மாவட்டங்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இளம்பெண்களை 3 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, விடுதியில் தங்கவைத்து, தினமும் குறைந்த கூலி கொடுத்து, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். நடுவில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனால்? பல இடங்களில் மொத்தத் தொகையும் போயிற்று. 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ அமைப்பு வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு ஐரோப்பிய பிராண்டுகள் பின்வாங்கத் தொடங்கின. பெயர் மாறிற்று. விடுதி, கேம்ப் கூலி முறை முழுதாகப் போய்விடவில்லை.

மொத்தத் தொகை ஊக்கத்தொகை என்று சொல்லப்பட்டது. கணக்கைப் பார்த்தால் அது ஏற்கெனவே உழைத்த கூலியிலிருந்து பிடித்துவைத்த பணம்.

கோழி வளர்த்தாலும் இதே கணக்குதான்

உடுமலை, பல்லடம் பகுதியில் கறிக்கோழிப் பண்ணைக்காரர்களும் ஒரு வகையில் பீஸ் ரேட் தொழிலாளிகளே. உடுமலைப்பேட்டையில் 1984-ல் சிறிதாகத் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990-களில் ஒப்பந்தப் பண்ணை முறையைப் பரப்பியது. குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையது. ஷெட், தண்ணீர், கரண்ட், ஆள் உழைப்பு விவசாயியுடையது. ஆறு வாரம் வாக்கில் கோழியை எடுத்துக்கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கூலி எடையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு கிலோ கறிக்கு எத்தனை கிலோ தீவனம் ஆனது, எத்தனை குஞ்சு செத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உற்பத்திச் செலவு நிர்ணயித்த அளவுக்குக் கீழே இருந்தால் ஊக்கத்தொகை, மேலே போனால் பிடித்தம். தீவனம் வீணாவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லைதான். ஆனால் வந்த குஞ்சின் தரமும் தீவனத்தின் தரமும் விவசாயி கையில் இல்லை. வெயிலும் இல்லை. கூலி உயர்வு கேட்டுப் பண்ணையாளர்கள் போராடும்போதெல்லாம் இந்த வாதம் வருவது அதனால்தான்.

வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் கொஞ்சம் வேறு மாதிரி. நாள் கூலி உறுதி. குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் பறித்தால் ஒவ்வொரு கிலோவுக்கும் தனித்தொகை. மழை பெய்து கொழுந்து குறைந்தாலும் அடிப்படைக் கூலி நிற்கும் என்பதால், ரிஸ்க் முழுவதும் தொழிலாளி மேல் விழுவதில்லை.

தீபாவளி போனஸ்: ஊக்கமா, உரிமையா?

உரிமை. 1965-ன் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்றது. 2015 திருத்தம் 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குபவர்களைத் தகுதியாக்கியது. கணக்கிடும் வரம்பு 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்ச ஊதியம், இதில் எது அதிகமோ அது என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. 7,000 என்று வைத்தாலே ஆண்டுக்கு 84,000. அதில் 8.33 சதவீதம் சுமார் 7,000 ரூபாய், 20 சதவீதம் 16,800 ரூபாய். அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே கேட்கலாம். பீஸ் ரேட்காரருக்கும் உண்டு.

அதே சட்டத்தில் லாபத்துக்குப் பதிலாக உற்பத்தியை வைத்து போனஸ் பேசிக்கொள்ளவும் வழி இருந்தது. ஆனால் கொங்கு மண்டலத்தில் போனஸ் தினசரி வேகத்தை ஏற்றுவதைவிட, தீபாவளி வரை ஆளை நிறுத்திவைக்கத்தான் அதிகம் பயன்படுகிறது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரும் வரை மெஷின்கள் காலியாகக் கிடப்பதை எந்தக் கம்பெனியிலும் பார்க்கலாம்.

ஆர்டர் இல்லாவிட்டால் யார் தலையில் விழும்?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் திருப்பூரில் ஆர்டர்கள் தள்ளிப்போயின. இந்த மாதிரி நேரத்தில் மாதச் சம்பளக்காரருக்கு அடி மெதுவாக வரும். பீஸ் ரேட் டெய்லருக்கு அந்த வாரச் சனிக்கிழமையே தெரிந்துவிடும். கோவை ஐ.டி. பூங்காக்களில் ‘வேரியபிள் பே’ என்று ஒரு பங்கைத் தனியே வைப்பதும் இதே ஏற்பாட்டின் படித்த வடிவம்தான்.

இங்கேதான் சட்டம் ஒரு தரை போடுகிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்தாலும், அந்த வேலைக்கு நேரக் கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டிருந்தால் அதற்குக் குறையக் கூடாது. 1948-ன் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஆசியாட் வழக்கில் சொல்லிவிட்டது.

புதிய சட்டத்தில் இன்னொரு மாற்றமும் உண்டு. படிகள் என்ற பெயரில் எவ்வளவு பிரித்துக் காட்டினாலும், மொத்தச் சம்பளத்தில் பாதியாவது ‘ஊதியம்’ என்று கணக்கில் வர வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி பி.எஃப் பங்கைச் சுருக்கும் வழி இதனால் அடைபடுகிறது.

சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டால் புகார் செய்ய முன்பு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 6 மாதமே அவகாசம். இப்போது அது 3 ஆண்டு. மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது முதலில் கேட்கப்படுவது ஆதாரம். பீஸ் எண்ணிக்கை எழுதிய நோட்டு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் ஏறிய தொகை எல்லாம் அதற்கு உதவும். வாரா வாரம் கையில் ரொக்கமாக வாங்குபவர்கள், பீஸ் நோட்டில் சூப்பர்வைசர் கையெழுத்தையாவது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.